நிப்பாட்டேலாமல் போச்சு என்று நான் சொன்னது

எனது பெயர் அந்தோனிப்பிள்ளை கொன்ஸ்ரன்ரைன். வயது நாற்பத்தொன்பது. மன்னாரில் பிறந்து, நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் சில வருடங்கள் வேலை செய்து, அதன் பின் ஒஸ்லோவுக்கு வந்து ஸ்டோவ்னரில் வசித்து வருகிறேன். யோகலிங்கத்தின் மரணம் பற்றி முதல் நீதிமன்றத்தில் ஒன்றும் மேல்நீதிமன்றத்தில் வேறொன்றும் ஏன் சொன்னேன் என்று பொலிசார் கேட்டதன்பேரில், 2006ஆம் ஆண்டு மே மாதம் இதனைக் கூறுகிறேன்.

நானும் யோகலிங்கமும் ஒரே சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தோம். 2003ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு காலை, படுக்கை விரிப்புகளை அழுத்தும் இயந்திரத்தின் உருளை அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. அவர் மற்றக் கையால் சிவப்புப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமத்தியதை மறுமுனையில் நின்ற நான் கண்டேன். இயந்திரம் நிற்கவில்லை. நான் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பிரதான சுவிச்சை நிறுத்தினேன். அன்றே அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

அதன் பின் அவருடைய மனைவி மங்களேஸ்வரி தொழிற்சாலை மீது வழக்குத் தொடுத்தார். ஒரு நீதிபதி விசாரித்தார். "அவருக்கு மெசினை நிப்பாட்டேலாமல் போச்சு" என்று நான் சாட்சி சொன்னேன். மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுக்காரர், எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்த நல்ல மனிதர். ‘நிப்பாட்டாமல் போச்சு’ என்றே அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை என்பது நிறுத்தவில்லை என்று நீதிபதியிடம் போய்ச் சேர்ந்தது. இறந்தவரின் கவனக்குறைவே காரணம் என்று தீர்ப்பு வந்தது. அதற்கு என் சாட்சியே ஆதாரம் என்றும் எழுதப்பட்டிருந்தது.

நீதிமன்றப் படியில் மங்களேஸ்வரி, "அண்ணை, உங்கடை வாயாலையே அவரிலை பிழை எண்டு சொல்லிப்போட்டியள்" என்றார். அதன் பின் நான் போனபோதெல்லாம் அவர் கதவு திறக்கவில்லை. உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும்.

அதன் பின் அவர்களுடைய மகள் ஹம்சிகா தீர்ப்பை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, "மாமா, நீங்கள் சொன்னதை அப்பிடியே திருப்பிச் சொல்லுங்கோ" என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் தீர்ப்பில் என் சாட்சி எழுதப்பட்டிருந்த வரியில் விரலை வைத்தபடி அழுதாள். மேன்முறையீடு செய்தார்கள்.

மேல்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் இருந்தார்கள். முதல் நீதிபதி எழுதியதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மேன்முறையீட்டில் மறுத்த பகுதியைத் தாங்களே புதிதாக விசாரித்து, என்னையும் மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். நடுவில் இருந்த பெண் நீதிபதி, "அவர் நிறுத்தவில்லையா, நிறுத்த முயன்றும் முடியவில்லையா?" என்று கேட்டார். முயன்றார் என்றேன், அவர் அமத்திய விதத்தைக் கையால் செய்து காட்டினேன். பொத்தான் முன்பே பழுதாக இருந்ததைத் தொழிற்சாலை மேற்பார்வையாளரும் ஒப்புக்கொண்டார். முதல் தீர்ப்பு தள்ளப்பட்டு, பிழை தொழிற்சாலையினுடையது என்று முடிவாயிற்று.

வெளியே வந்ததும் மங்களேஸ்வரி நான் இருந்த மர வாங்கில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதன் பின், நீதிமன்றத்தில் எவரும் கேட்காததைக் கேட்டார்.

"அவர் ஆரையும் கூப்பிட்டவரோ, அண்ணை?"

"ஓம். என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர். நான் ஓடி வாறதைக் கண்டவர்."

"அப்ப, தனிய இருக்கேல்லை" என்றார். அதன் பின் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மேற்படி கூற்றை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டக் கேட்டேன். எதையும் கூட்டவுமில்லை, மறைக்கவுமில்லை. எல்லாம் உண்மை என ஏற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. கொன்ஸ்ரன்ரைன்