சாட்சிக் கையெழுத்து

– என்ன சார் சொல்றீங்க? நான் பெத்த பொண்ண நான் கூட்டிட்டுப் போகக் கூடாதா?

– கத்தாதீங்கம்மா, ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கத்து ரூம்லதான் இருக்காங்க. கோச்சுக்காதீங்க. ஹாஸ்டல் ஒப்பந்தத்துல பாதுகாவலர்னு யாரு கையெழுத்துப் போட்டாங்களோ, அவங்க கையிலதான் பிள்ளைய ஒப்படைக்கணும். சட்டம் அது. இந்த ஆபீஸ் கிளார்க் நான் வச்சதில்ல.

– நானும்தான் போட்டேன்! பச்சைத் தாளு. அவரு வீட்டுக்குக் கொண்டுவந்தாரு. பாத்திரம் தேச்ச கையத் தொடச்சுட்டுப் போட்டுக் குடுத்தேன்.

– போட்டிருக்கீங்க. இந்தாங்க, இதான உங்க கையெழுத்து?

– அந்தக் கோழிக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா? என்னுதுதான்.

– அதுக்கு மேல என்ன அச்சடிச்சிருக்கு, படிங்க.

– சா... சாட்சி.

– அதான். பாதுகாவலர் உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான். நீங்க வெறும் சாட்சி.

– எதுக்கு சார் சாட்சி? நான் அவ அம்மா!

– அவரு கையெழுத்துப் போட்டத நீங்க கண்ணால பாத்தீங்கன்னு சாட்சி. எதிர்வீட்டுக்காரர் கூட போடலாம் அத.

– எனக்கென்ன சார் தெரியும்? இங்க போடுன்னு விரல வச்சாரு, போட்டேன். கட்டின புருஷன்கிட்ட, இரு, முழுசாப் படிச்சுட்டுப் போடறேன்னா சொல்ல முடியும்?

– சொல்லியிருக்கணும்மா. இப்ப அவரு வந்தாத்தான் ஆகும்.

– அவரு எங்க வர்றது! பொண்ண இங்க கொண்டாந்து விட்டவரு, பத்து நாளா வீட்டுப் பக்கமே வரல. போனும் எடுக்கல. சனிக்கிழமை பொண்ணத் தூக்கிட்டுக் கண்காணாத தேசம் போறாராம். நாத்தனார் வாய் தவறிச் சொல்லிட்டா. இன்னிக்கு விட்டா சார், என் பொண்ண நான் பாக்கவே முடியாது.

– அட... சனிக்கிழமை லீவுக்கு அவருகிட்டேர்ந்து லெட்டர் வந்திருக்கே. இருங்கம்மா, பதறாதீங்க. ஒரு வழி இருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேரும் பெத்தவங்க கட்டத்துல கையெழுத்துப் போடலன்னா ஒப்பந்தமே செல்லாது. உங்களுது அதுல இல்ல.

– அய்யோ சாமி, நல்லா இருப்பீங்க! அப்ப கூப்பிடுங்க அவள.

– பொறுங்க, பின்பக்கம் பாத்துக்கறேன். ஒருத்தர் போடலன்னா ஏன் போடலன்னு காரணம் எழுதணும். எழுதிட்டா செல்லும்... எழுதியிருக்காரு.

– என்னன்னு?

– அது வந்தும்மா...

– ஓடிப்போயிட்டேன்னா? பைத்தியம்னா? எதுன்னாலும் சொல்லுங்க சார், அவரு வாயில எல்லாம் கேட்டுக் கேட்டு மரத்துப்போச்சு.

– தாயார் காலமானார்னு எழுதியிருக்கு.

– ஆங்? நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறேனே! அடப்பாவி மனுஷா... அழறதா சிரிக்கறதான்னே தெரியல சார். சரி, நல்லதாப் போச்சு. பொய்யின்னு உங்க கண்ணாலயே பாத்துட்டீங்க. இனி இந்தத் தாளு செல்லாதுல்ல? கூப்பிடுங்க என் பொண்ண.

– செல்லாதும்மா. நானே ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட சொல்றேன். ஆனா...

– இன்னும் என்ன சார் ஆனா? ஏன் உங்க மொகம் இப்படிப் போகுது?

– ஓரத்துல வார்டன் குறிப்பு எழுதியிருக்காங்க. நேத்து சாயந்தரம் அம்மாவுக்கு போன் போடணும்னு உங்க பொண்ணு அடம் பிடிச்சுதாம். நம்பர் தேடறதுக்கு இந்த ஃபைலத் தொறந்திருக்காங்க. பிள்ளைக்கு இன்னும் விஷயம் தெரியாது போலன்னு நெனச்சு... பக்கத்துல உக்கார வச்சு, சொல்லிட்டாங்களாம்.