முகம் காட்டாத காட்சி

பாண்டீஸ்வரி: படம் ஓடுறப்ப பின்னாடி மூக்க உறிஞ்சிக்கிட்டே இருந்தது நீங்கதானே?

தமிழ்மாறன்: நானா? ஏசிக் காத்து எனக்கு ஒத்துக்காது. சளி.

பாண்டீஸ்வரி: அந்த ஹால்ல ஏசியே இல்ல. காத்தாடிதான் சுத்துச்சு.

தமிழ்மாறன்: அப்ப தூசியா இருக்கும்… விடேன். டீ ஆறுது, குடி.

பாண்டீஸ்வரி: டச்சுப் படம் பாக்க வார ஆளா நீங்க? ஆரப்பாளையத்துல செல்போன் கடைய யாரு பாக்குறா?

தமிழ்மாறன்: அழகுபாண்டி இருக்கான். இங்க யுனிவர்சிட்டியில ஒரு வாத்தியாருக்குப் போன் ரிப்பேர் பண்ணிக் குடுக்க வந்தேன். எல்லாரும் உள்ள போனாக… நானும் போனேன்.

பாண்டீஸ்வரி: சும்மா?

தமிழ்மாறன்: சும்மாதான். நீ எப்படி… டி. கல்லுப்பட்டியில இருந்து இம்புட்டு தூரம்?

பாண்டீஸ்வரி: திவ்யா கூப்பிட்டா. இந்தப் பிலிம் கிளப்ப நடத்துறதே அவதானே. பொங்கலுக்கு முன்னாடி அம்மா வீட்டுக்குப் போனவ, இன்னும் சுவத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்னு அவளுக்கு வருத்தம்.

தமிழ்மாறன்: ம்… அத்தை நல்லாருக்காகளா?

பாண்டீஸ்வரி: இருக்கு. படத்தப் பத்திப் பேசுவோமே.

தமிழ்மாறன்: பேசுவோம்.

பாண்டீஸ்வரி: பிடிச்சுச்சா?

தமிழ்மாறன்: கீழ ஓடுற இங்கிலீஷ் எழுத்தப் படிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துருது. கொஞ்ச நேரத்துல படிக்கிறதையே விட்டுட்டேன். அதுக ரெண்டு பேரு மூஞ்சியத்தான் பாத்தேன். எல்லாம் புரிஞ்சுச்சு.

பாண்டீஸ்வரி: என்ன புரிஞ்சுச்சு? சொல்லுங்க பாப்போம்.

தமிழ்மாறன்: பரீட்சையா வைக்கிற? அந்தப் பொண்ணு ஆத்துல படகு ஓட்டுது. அவன் அக்கரையில தக்காளித் தோட்டத்துல வேலை பாக்குறான், கண்ணாடிக் கொட்டகைக்குள்ள. அவளப் பாக்குறதுக்காக டிக்கெட் எடுத்து இங்கிட்டும் அங்கிட்டும் போறான்…

பாண்டீஸ்வரி: எறங்காமயே!

தமிழ்மாறன்: ஆமா, எறங்காமயே. மறுபடியும் டிக்கெட்டுன்னு அவன் கைய நீட்டுறப்ப அவ ஒரு சிரிப்பு சிரிச்சா பாரு… ஒதட்டுல இல்ல. கண்ணுக்குக் கீழ, இந்த எடத்துல. அதப் போயி நடிப்புன்னு எப்பிடிச் சொல்றது?

பாண்டீஸ்வரி: நடிச்ச பொண்ணு அதுக்கு முன்னாடி படகே ஓட்டுனதில்லையாம். கயித்த இழுத்துக் கட்டுற கையப் பாத்தா நம்ப முடியுதா?

தமிழ்மாறன்: கோவப்பட்டாக்கூட அழகாத்தான் இருக்கா.

பாண்டீஸ்வரி: ம்ம்?

தமிழ்மாறன்: படத்துலதான் சொல்றேன்.

பாண்டீஸ்வரி: அதுக ரெண்டும் கொட்டகைக்குள்ள… அந்த சீன் வந்தப்ப நீங்க குனிஞ்சு போனப் பாத்தீங்க.

தமிழ்மாறன்: மெசேஜ் வந்துச்சு.

பாண்டீஸ்வரி: நான் திரும்பிப் பாத்தேன். போன்ல வெளிச்சமே இல்ல.

தமிழ்மாறன்: பின்ன? சுத்தியும் பொம்பளப் பிள்ளைக உக்காந்திருக்கு…

பாண்டீஸ்வரி: அதுல ஒரு அசிங்கமும் இல்ல. அந்த டைரக்டர் என்னத்தக் காட்டுனா? கண்ணாடியில படிஞ்ச ஆவி. அதுல ஒரு உள்ளங்கைத் தடம். தண்ணி சொட்டுச் சொட்டா எறங்குது. அம்புட்டுதான். எனக்கு நெஞ்சு தடதடன்னு அடிச்சுக்கிச்சு.

தமிழ்மாறன்: டைரக்டர் பொம்பளையா?

பாண்டீஸ்வரி: ஆமா. முதல் படமாம்.

தமிழ்மாறன்: முதல் படமா! சண்டை போடுறப்ப கேமராவக் கொண்டு போயி ஆத்துக்கு அந்தப் பக்கம் வச்சிருச்சே… கத்துறது கேக்கல, கை ஆடுறது மட்டும் தெரியுது. ரெண்டும் பேசாம இருக்கிறப்பதான் பக்கத்துல கொண்டாருது. நம்மளா இருந்தா மாத்திப் பண்ணியிருப்போம்.

பாண்டீஸ்வரி: நம்மளா?

தமிழ்மாறன்: நம்ம சினிமாக்காரங்க.

பாண்டீஸ்வரி: நம்ம ரெண்டு பேருந்தான். சத்தம் போடுறப்ப மட்டும் பக்கத்துல நின்னோம். பேசாம இருந்தப்ப நீங்க ஒரு ரூமு, நான் ஒரு ரூமு.

தமிழ்மாறன்: இன்னொரு டீ சொல்லவா?

பாண்டீஸ்வரி: எந்த சீன்ல மூக்கு உறிஞ்ச ஆரம்பிச்சீங்க?

தமிழ்மாறன்: ஈசு…

பாண்டீஸ்வரி: சொல்லுங்க.

தமிழ்மாறன்: அதுகளுக்குப் பிள்ளை கலைஞ்சு போகுதுல்ல… மறுநா விடியவும் அவன் கொட்டகைக்கு வேலைக்குப் போறான்ல. அங்க.

பாண்டீஸ்வரி: அவ வெளிய நின்னு பாக்குறா.

தமிழ்மாறன்: கேமரா அவன் முதுகுப் பக்கமே நிக்குது. ஒரு செடியக் கட்டுறான். அடுத்த செடிக்குப் போறான், கட்டுறான். மூஞ்சியக் காட்டவே இல்ல. அப்பறம் கை நின்னுருது. தோள்பட்டை மட்டும் இப்பிடி… லேசா. என்னா நடிகன்! முதுகுலயே அழுதுட்டான்.

பாண்டீஸ்வரி: அது நமக்குத் தெரியுது. அவளுக்குத் தெரியலயே. கண்ணாடி பூரா ஆவி. இவன் பாட்டுக்கு வேலை பாக்குறான்னு நெனச்சுட்டா. படக எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

தமிழ்மாறன்: அவளக் குத்தம் சொல்ல முடியாது.

பாண்டீஸ்வரி: நான் யாரையும் சொல்லல… மாமா.

தமிழ்மாறன்: வந்ததுல இருந்து இப்பத்தான் மாமான்னு கூப்பிடுற.

பாண்டீஸ்வரி: நமக்குக் கலைஞ்ச மறுநா நீங்களும் கடைக்குப் போனீங்க.

தமிழ்மாறன்: போனேன்.

பாண்டீஸ்வரி: ஆஸ்பத்திரிக் கட்டில்ல நான் கெடக்கேன். 'கடையத் தொறந்துட்டு வாரேன்'னு கெளம்புனீங்க. எங்கம்மா மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. எனக்கு அன்னிக்கே மனசு விட்டுப் போச்சு.

தமிழ்மாறன்: தொறக்கல.

பாண்டீஸ்வரி: என்ன?

தமிழ்மாறன்: கடையத் தொறக்கல ஈசு. உள்ள போயி ஷட்டர எறக்கிவிட்டுட்டேன். லைட்டு போடல. கவுண்டருக்குப் பின்னாடி, தரையில… சாயங்காலம் வரைக்கும். அழகுபாண்டி வந்து தட்டுனான். சத்தம் வெளிய கேட்டுறக் கூடாதுன்னு துண்ட வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன்.

பாண்டீஸ்வரி: அய்யோ மாமா…

தமிழ்மாறன்: அழாதத்தா. டீக்கடையில ஆளுக பாக்குறாக.

பாண்டீஸ்வரி: பாக்கட்டும். ஏன் எங்கிட்டச் சொல்லல? இத்தன நாள்ல ஒரு வார்த்தை…

தமிழ்மாறன்: நீயே ஒடஞ்சு கெடந்த. நானும் ஒடஞ்சா ஒன்ன யாரு தூக்குறதுன்னு நெனச்சேன். கிறுக்குப் பய.

பாண்டீஸ்வரி: தூக்க வேணாம் மாமா. கூட உக்காந்து அழுதிருந்தாப் போதும்.

தமிழ்மாறன்: இப்பத் தெரியுது.

பாண்டீஸ்வரி: பேரு கூட யோசிச்சு வச்சிருந்தேன்… ஒங்ககிட்டச் சொல்லல.

தமிழ்மாறன்: சொல்லு. இப்ப வேணாட்டி… வீட்டுல வச்சுச் சொல்லு.

பாண்டீஸ்வரி: எந்த வீட்டுல?

தமிழ்மாறன்: நம்ம வீட்டுலதான்.

பாண்டீஸ்வரி: ம்… அத வண்டியில போறப்ப யோசிக்கிறேன்.

தமிழ்மாறன்: எந்தப் பக்கம் போற வண்டியில?

பாண்டீஸ்வரி: ஆசையப் பாரு!

தமிழ்மாறன்: சரி, ஒண்ணு சொல்லிடுறேன். அப்பறம் நீ எந்தப் பக்கம் வேணாலும் போ. வாத்தியாரு, போன் ரிப்பேரு… அதெல்லாம் பொய். நீ இன்னிக்கு இங்க வாரேன்னு திவ்யாதான் போன் பண்ணுச்சு. ஒன்னப் பாக்கத்தான் வந்தேன். என்ன பாஷைப் படம்னுகூடத் தெரியாது. திவ்யாவத் திட்டாத. காட்டிக் குடுத்துறாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிச்சு.

பாண்டீஸ்வரி: நான் எதுக்குத் திட்டப் போறேன்? அவளப் போன் பண்ணச் சொன்னதே நாந்தேன். இந்தப் படத்தப் போடச் சொன்னதும் நாந்தேன். போன மாசமே அவ வீட்டுல வச்சுப் பாத்துட்டேன் மாமா. அவன் திரும்பி நின்னு செடியக் கட்டுறப்ப… ஆஸ்பத்திரிக் கதவத் தாண்டிப் போன ஒங்க முதுகுதான் எனக்குத் தெரிஞ்சுச்சு. அன்னிக்கு அந்தப் பக்கம் மூஞ்சி எப்பிடி இருந்துச்சுன்னு நேராக் கேக்க எனக்கு வாய் வரல. அதேன் ஒங்கள வரவச்சேன்.