வாய் கோணிய பிறகு பாட வந்த ஃபோர்த்துனா மெவோரா

பிளோவ்திவ் நகர யூதர் மன்றத்தின் மதிப்பிற்குரிய தலைவர் சாமுவேல் கல்தெரோன் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் சான்றோர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அருமை நண்பர் நிசிம் மெவோரா அவர்களே! இடம் கிடைக்காமல் மாடிப்படியில் நிற்கும் இந்த ஊரின் மக்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் கரபேத். ஆர்மீனியன். மறைந்த கிளாரினெட் கலைஞர் ஃபோர்த்துனா மெவோரா அம்மையாரின் குழுவில் மேளக்காரன். மேடையில் அந்த அம்மையாரின் முதுகை என்னைவிட அதிகம் பார்த்தவர் எவருமில்லை. அந்த முதுகு சிரிக்கும், ஐயா! நான் தாளத்தில் ஓடினால் அந்த முதுகே திட்டும்!

யாருக்குத்தான் வாசிக்கவில்லை அவர்? யூதர் கல்யாணமா, வந்தார். துருக்கியர் வீட்டு விசேஷமா, வந்தார். பல்கேரியர் கூப்பிட்டாலும் வந்தார், ரோமா நாடோடி மக்கள் கூப்பிட்டாலும் வந்தார்.

மாரித்சா ஆற்றுப் பாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு கல்யாண ஊர்வலங்கள் எதிரெதிரே வந்து நின்றன. பின்னால் போனால் மணமக்களுக்கு ஆகாது என்று இரு தரப்பும் அடம்பிடித்தது. மாமன்மார்கள் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மையார் எங்கள் வண்டியிலிருந்து இறங்கினார். இரு கூட்டத்துக்கும் நடுவே நின்று வாசித்தார். முதலில் மணப்பெண்கள் கைகோத்து ஆடினார்கள். பிறகு மாமன்மார்கள். போக்குவரத்து நின்றே போனது. போலீஸ்காரர் ஒருவர் விசிலோடு ஓடி வந்தார்.

"யாரும்மா இதுக்கெல்லாம் பொறுப்பு?"

"நான்தான் சார். கேஸ் அப்புறம் எழுதலாம், அந்தப் பொண்ணுக்குப் பக்கத்துல இடம் காலியா இருக்கு, புடிங்க கைய!"

பிடித்தார், ஐயா! தொப்பியோடு ஆடினார்!

இப்படிப்பட்ட ஒருவரின் உதட்டையா நோய் தேடி வர வேண்டும்?

யூதரின் விளக்குத் திருநாளான ஹனுக்கா விழாக் கச்சேரி நெருங்கிய வாரம் அது. அம்மையாரின் கணவர் நிசிம் போனில் கூப்பிட்டார். ஓடினேன். அம்மையார் கண்ணாடி முன்னால் இருந்தார். முகத்தின் இடப்பக்கம் முழுவதும் தொங்கிப்போயிருந்தது.

"பாத்தியா கரபேத்து, பாதி மூஞ்சி லீவு போட்டுருச்சு."

முகவாதம் என்றார் மருத்துவர். முகம் ஓரளவு சரியாகலாம், கிளாரினெட்டை மட்டும் நம்பியிருக்காதீர்கள் என்றார். அம்மையார் கேட்பாரா? எடுத்து ஊதினார். காற்று வாயோரத்தில் புஸ்ஸென்று போய்விட்டது. அந்தச் சத்தத்துக்கு முதலில் சிரித்தவர் அவர்தான். மறுபடி ஊதினார். மறுபடி அதே சத்தம். பிறகு கருவியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மாலையில் குழு கூடியது. கச்சேரியை ரத்து செய்துவிடலாம் என்று நாங்கள் வாயெடுக்கும் முன்பே அவர் சொன்னார்:

"கச்சேரி நடக்கும்."

பிடில்காரன் அசென் கேட்டான்: "கிளாரினெட்டு யாரு?"

"யாருமில்ல. நான் பாடுறேன்."

"நீயா? நீ குளியலறையிலகூடப் பாடுனதில்லன்னு நிசிம் சொல்லுவாரே!"

"அங்க யாரு கை தட்டுவா?"

கச்சேரி நாள் வந்தது. இதே மண்டபம். விளக்குகள் ஏற்றியாயிற்று. அம்மையார் வெறுங்கையோடு வந்து நின்றார். தன் தாய் சமையலறையில் பாடிய பாட்டு ஒன்றை, இந்த ஊர் யூதரின் பழைய வீட்டு மொழியான லதினோவில், தொடங்கினார். உதடு சேரவில்லை, முதல் வரியே குழறியது. நான் மேளத்தை நிறுத்தினேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? தொங்கிய வாயோரத்தை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சொல் தெளிந்தது! மாமியாரும் மருமகளும் கத்தரிக்காய்ச் சமையலுக்குச் சண்டை போடும் பாட்டு அது. மூன்றாவது வரியில் முன்வரிசையில் ஒரு மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். "அடியே, எங்க அம்மாவும் இதத்தான்டி பாடுவா!" என்று கத்தினார். அவ்வளவுதான்! மண்டபமே பாடியது. அசென் பாடினான். மொழி தெரியாத நானும் பாடினேன்.

கிளாரினெட் வாசித்துக் கிடைத்த பெயரைவிட, பாடியதில் அவருக்குக் கிடைத்த பெயர் பெரிது. வீடுகளுக்குள் முடங்கிக் கிடந்த பாட்டுகள் அவர் குரலில் மேடைக்கு வந்தன. வயதானவர்கள் வாசலில் நிறுத்தி, "எங்க வீட்டுப் பாட்டு ஒண்ணு இருக்கு, வேணுமா?" என்று கேட்டார்கள். புதன்கிழமைதோறும் இந்த மன்றத்தில் யாரும் வந்து பாடலாம் என்று அவர் கதவைத் திறந்தார். ஒருமுறை சோஃபியாவிலிருந்து ஒரு பள்ளிக் குழு வந்து பாடியது. அத்தனை பிள்ளைகளும் வாயோரத்தில் விரல் வைத்திருந்தார்கள்! அப்படித்தான் பாட வேண்டும் என்று நினைத்துவிட்டார்களாம்! அம்மையார் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார்.

காலப்போக்கில் உதடு ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பியது. கிளாரினெட்டையும் எடுத்தார். ஆனால் கூட்டம் விடுமா? "பாட்டு! பாட்டு!" என்றது. கருவியை அசெனிடம் கொடுத்துவிட்டுப் பாடினார். வருத்தமில்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

"இருந்துச்சுய்யா. ஆனா ஊதுனப்ப அவங்க கேட்டாங்க. இப்ப கூடவே பாடுறாங்க. எது பெருசு, நீயே சொல்லு."

இன்று இந்த மண்டபத்தைப் பார்த்துச் சொல்கிறேன்: இதுதான் பெரிது, ஃபோர்த்துனா! இதுதான் பெரிது!

அன்பர்களே! யூத வழக்கப்படி துக்கத்தின் முப்பது நாளும் நிசிம் வீட்டில் இசை இல்லை. அது நேற்றோடு முடிந்தது. இன்று காலை அவர் என் கதவைத் தட்டினார். கண் சிவந்திருந்தது. "வீடு ரொம்ப அமைதியா இருக்குய்யா. மேளத்தக் கொண்டா" என்றார். கொண்டுவந்திருக்கிறேன்.

ஆகவே உறுதி சொல்கிறோம். புதன்கிழமை கதவு மூடாது. வீட்டுக்குள் ஒரே ஒரு பாட்டை வைத்திருப்பவர் இந்த ஊரில் எங்கிருந்தாலும், அவர் வாசலுக்கு நாங்கள் போவோம், கேட்போம், பாடுவோம். அசென் எழுந்துவிட்டான், பாருங்கள். நிசிம் அவர்களே, மேடைக்கு வாருங்கள். உங்களுக்குச் சுருதி சேராது என்பது ஊருக்கே தெரியும். பரவாயில்லை, நீங்களே தொடங்குங்கள். நாங்கள் இத்தனை பேர் சேர்ந்துகொள்கிறோம்.