மேசையில் ஏறித் துள்ளியவர்

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகர டிராமில் எனக்கு எதிரே ஒரு தம்பதியும் கணவரின் பழைய முகாம் நண்பரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இலங்கை உலகக் கோப்பை வெண்ட அண்டைக்கு, அகதி முகாமில மேசைக்கு மேல ஏறித் துள்ளினவன் இவன்தான் அக்கா!" என்றார் நண்பர்.

"சும்மா இரு மச்சான்," என்றார் கணவர்.

"என்ன சும்மா? அந்த நாட்டில இருக்க ஏலாதெண்டு இங்க அசூல் தஞ்சம் கேட்டுப்போட்டு, கத்தின கத்தில தொண்டையும் அடைச்சுப்போச்சு உனக்கு!"

மனைவி சிரிக்கவில்லை.

"அது என்ர தம்பி ஆமியின்ர ஷெல்லில செத்த கிழமையெல்லோ? அடுத்தநாள் நான் கொழும்பிலயிருந்து போன் எடுக்க, அழுதழுது தொண்டை அடைச்சுப்போச்செண்டு சொன்னனீங்கள்."

கணவர் தலை குனிந்தபடியே சொன்னார்:

"அழுததும் உண்மைதானப்பா."

"ஆருக்கு அழுதனீங்கள்?" என்று கேட்டார் மனைவி.