மாநிறம்

ஷாஃப்ஹவுசனிலிருந்து சூரிச் போகும் ரயிலில் எனக்கு முன்னால் ஒரு தகப்பனும் மகளும் இருந்தார்கள். மகள் பொலிஸ்காரி என்பது தகப்பன் கேட்ட கேள்வியில்தான் தெரிந்தது.

"பதவி உயர்வுக்கு இன்டர்வியூ வருது. இந்த நேரம் உனக்கேன் கறுப்புப் பொலிஸ் சங்கம்?"

"கறுப்பின அதிகாரிகள் நடத்துற சங்கம், அப்பா. எங்களைப் போல ஆக்களையும் சேர்க்கினம். மேல வாறதுக்குப் பயிற்சி குடுக்கினம்."

"பயிற்சியோ, பேர்ப் பட்டியலோ? ஆர் ஆர் சேர்ந்தவை எண்டு மேலிடம் பாக்காதோ?"

"பாக்கட்டும்."

"நீ கறுப்பும் இல்லை. மாநிறம்."

மகள் சிரித்தாள். "அது கலியாணத் தரகருக்குச் சொல்லுற கதை."

"பகிடி விடாதை. பொலிஸில இருக்கிற உன்னை ஆர் சந்தேகப்படப் போகினம்?"

"போன மாசம் லீவு நாளில ரயில் ஸ்டேஷனில பொலிஸே என்னை மறிச்சவங்கள். பையைக் கொட்டிக் காட்டினனான். என்ர பொலிஸ் அட்டையைப் பாத்த பிறகுதான் விட்டவங்கள்."

தகப்பன் யன்னல் பக்கம் திரும்பினார். "எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னா வேலையை விடச் சொல்லுவியள்."

என் மகனையும் போன கிழமை அப்படித்தான் மறித்தார்கள்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். தகப்பன் டிக்கெட்டோடு, யாரும் கேட்காத வதிவிட அட்டையையும் சேர்த்து நீட்டினார். மகள் அந்த அட்டையை மெல்ல வாங்கி அவருடைய சட்டைப் பைக்குள் வைத்தாள்.

பரிசோதகர் அடுத்த பெட்டிக்குப் போனதும் தகப்பன் மகள் பக்கம் குனிந்தார்.

"சரி, சங்கத்தில சேர். ஆனா உன்ர படம் மட்டும் அவைக்குக் குடுக்காதை."