குளத்துக்கு ஒரு பூட்டு

வில்லியனூரிலிருந்து வந்த பஸ் மூலக்குளத்தைத் தாண்டியபோது, என் முன் சீட்டு அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம், "கிருமி வாங்கத்தான் டவுனுக்குப் போறேன்" என்றார். அந்தப் பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"கிருமியா? இன்னாத்துக்குக்கா?"

"எங்க மீன் குளத்துக்கு. போன வருசம் மேலெல்லாம் புண்ணு வந்து பாதி கெண்டை செத்துப்போச்சு. நல்ல கிருமிய விட்டா மீனுக்கு எதிர்ப்பு சக்தி வரும்னாங்க. வெல்லத் தண்ணியில கலந்து, ரெண்டு நாள் புளிக்க வச்சு, பதமா ஊத்துனேன்."

"அப்புறம்?"

"மறுநாளே எங்க ஊட்டுக்காரரு வந்து பாத்தாரு. புளிச்ச வாடை அடிக்குதுன்னு குளம் பூரா பிளீச்சிங் பவுடரத் தூவிட்டாரு. ரொம்ப சுத்தமான மனுசன். ஊட்ல ஒரு டம்ளர் கழுவுனது கெடையாது."

"மீனுக்கு எதுனா ஆச்சா?"

"அதுங்க எப்படியோ பொழச்சிக்கிச்சு. கிருமிதான் பூண்டோட போச்சு. இப்ப மறுபடியும் நாலஞ்சு மீன்ல புண்ணு தெரியுது."

ரெட்டியார்பாளையத்தில் கூட்டம் ஏறியது. அம்மாள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு பூட்டும் வாங்கணும், குளத்து கேட்டுக்கு."

"திருட்டு பயமாக்கா?"

"திருடன் வந்தா ரெண்டு மீனப் புடிச்சிக்கினு போவான். சுத்தம் பண்ண மாட்டான்."