சாலைக்கு அடியில் ஒரு கயிறு

விடியற்காலை நாலு மணி. கடலோரச் சாலையில் ஈ காக்கை இல்லை... கிட்ட வந்து உட்காருங்கள், சத்தமாகச் சொல்லும் கதையில்லை இது. நம் மெக்கானிக்கின் தாய்மாமாவுக்கு நடந்தது. மழைநீர்க் கால்வாயில் தூர் வாருவது அவர் வேலை.

அந்தச் சாலை இருக்கும் இடம் முன்பு கடல். பழைய சாலை உள்ளே தள்ளி, கிடங்குகளை ஒட்டி வளைந்து போனது. பிறகு கல்லும் மண்ணும் கொட்டிக் கடலைத் தூர்த்து, புதுச் சாலையை நேராகப் போட்டார்கள். பழைய படகுத்துறையை யாரும் இடிக்கவில்லை, அப்படியே மூடிவிட்டார்கள். அதைத் துளைத்துக்கொண்டுதான் கால்வாய் கடலுக்குப் போகிறது. கடலில் சேரும் வாயில் ஓர் இரும்புக் கதவு, கீல் மேலே. உள்ளிருந்து மழைநீர் தள்ளினால் திறக்கும். வெளியிலிருந்து கடல் தள்ளினால் மூடிக்கொள்ளும். ஆகவே கடல் இறங்கியிருக்கும்போதுதான் நுழைய முடியும்.

“உள்ள போய்த் தூங்கிடாதீங்க, சகலை!” கதவருகே காவல் நின்ற அவருடைய சகலை கத்தினார்.

“நீ வெளிய தூங்காம இருந்தா போதும்!”

மாமா குனிந்து நடந்தார். சேற்று வாடை... துரு வாடை... பின்னால், டங்.

நேரத்துக்கு முன்பே கடல் ஏறிவிட்டது. ஓடிவந்து, முதுகைக் கொடுத்துத் தள்ளினார். மொத்தக் கடலும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. கதவின் ஓரங்களில் தண்ணீர் பீறிட்டது. முழங்கால்... இடுப்பு... உள்ளே பின்வாங்கினார்.

கிரீச்... கிரீச்...

விளக்கைத் திருப்பினார். துறையைத் துளைத்த அந்த இடத்தில் சிமெண்ட் இல்லை. ஒரு பக்கம் பழைய கல், அதில் ஓர் இரும்பு வளையம். வளையத்தில் கயிறு. புதுக் கயிறு. அதன் மறுமுனை எதிர்ப்பக்க மண்ணுக்குள் விறைத்துப் போயிருந்தது. அங்கே படகு ஒன்று ஆடுவதுபோல இழுத்து, விட்டு, இழுத்தது.

மண்ணுக்குள் ஒரு குரல். மரியாதையான குரல்.

“அண்ணே... கொஞ்சம் அவுத்து விடுங்கண்ணே. வீட்டுக்குப் போகணும்.”

மாமாவுக்கும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். தண்ணீர் மார்பைத் தொட்டது. முடிச்சை அவிழ்த்தார். கயிறு சரசரவென்று மண்ணுக்குள் ஓடியது. அத்தனை கடலையும் தள்ளிக்கொண்டு கதவு திறந்தது...

சகலை அவரை மேலே இழுத்துப் போட்டார். “நானும் இழுத்துப் பார்த்தேன், அசையவே இல்ல! எப்படித் திறந்தீங்க?”

மாமா சாலையையே பார்த்தார். தார் உப்பி வெடித்திருந்தது, ஒரு படகின் அகலத்துக்கு. கடல் பக்கம் போகவில்லை அந்த விரிசல்... ஊருக்குள் போயிருந்தது.

தினமும் கொஞ்சம் நீண்டது. மாமாவின் தெருவுக்குள் நுழைந்ததும், அவர் ஊரின் மறுகோடிக்கு வீடு மாற்றினார்.

விரிசலும் அந்தப் பக்கம் திரும்பியது.